பேப்பர் மேட்டில் மேடு கிடையாது

போன மாதம் ஒரு நாள் காலை என் கைப்பேசி அடித்தது. நான் அப்போது போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டாவது காபியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் காபியைப் பற்றிக் கடைக்காரரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ராசாங்கம் சாருங்களா? என் பேரு நிவேதா. இங்க மலையில ட்ரோன் சர்வே பண்ற டீம்ல இருக்கேன். ஒரு சந்தேகம் சார்."

"கேளும்மா."

"ஊத்தடிக்குப் போற ரோட்டுல பேப்பர் மேடுன்னு ஒரு ஸ்டாப் இருக்கு. எங்க டேட்டாவுல அந்த இடம் சமதளமா வருது. மேடே இல்ல. பேரு தப்பா, டேட்டா தப்பான்னு புரியல. பழைய ஆளுங்க யாரைக் கேட்டாலும் சிரிக்கிறாங்க. உங்க நம்பரக் குடுத்துட்டு மறுபடியும் சிரிக்கிறாங்க."

காபி சட்டையில் சிந்திவிட்டது. நானும் சிரித்துவிட்டேன்.

"டேட்டா சரிதாம்மா. பேரும் சரிதான். தப்பு நான்தான்" என்றேன்.

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுக் கதையை எழுதிக் கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். எழுதச் சொன்னால் நிறுத்தத் தெரியாதவன் நான். அதை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ராசிங்காபுரம்தான் எனக்குச் சொந்த ஊர். பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு, எங்கள் கண்மாய்க் கரையில் கூடாரம் போட்டிருந்த சர்வே கோஷ்டியில் கொடி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். கட்சிக் கொடி இல்லை. தூரத்தில் கருவியோடு இருக்கிறவர் பார்ப்பதற்காக, காட்டிய கல்லின் மேல் கொடிக் கம்பை நிறுத்தி அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது. எனக்கு அசையாமல் நிற்க வரும், வாய்தான் நிற்காது. பேச ஆள் இல்லாத குன்றுகளில் நிறுத்தியதால் ஒரு கையில் கம்பு, இன்னொரு கையில் கோணக் கணக்குப் புத்தகம் என்று ஆகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புரியாத இடத்தில் புத்தகத்தைத் திட்டிவிட்டு மறுபடியும் முதலில் இருந்து படிப்பேன். சில வருஷங்கள், இரண்டு துறைத் தேர்வு, ஹைதராபாத்தில் ஒரு பயிற்சி. அந்தப் பயிற்சியில் இப்போது தெளிவாக நினைவில் இருப்பது புளிப்பான ஒரு கீரைப் பருப்பு மட்டும்தான். அது முடிந்ததும், விமானத்தில் இருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைபடம் வரைகிற பிரிவில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

விமானம் என்ற ஒரு சொல்லை மட்டும் என் அம்மா பிடித்துக்கொண்டது. "எம்மகனுக்கு ஏரோப்ளேன்ல சோலி" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது. மேலே எந்த விமானம் போனாலும் முற்றத்துக்கு ஓடிவந்து கை காட்டும். விடுமுறையில் வீட்டுக்குப் போனால் பஞ்சாயத்து தொடங்கும்.

"வியாழக்கெழம நம்ம வீட்டுக்கு மேலதான போன? அவ்ளோ நேரம் கை காட்டுறேன். ஒரு சத்தம் குடுத்துட்டுப் போனா கொறஞ்சா போயிருவ?"

"ஆத்தா, நான் ஏரோப்ளேன்ல ஏறுனதே இல்ல. இருட்டு ரூம்புல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன்."

"அப்புறம் எதுக்கு உன்னய ஏரோப்ளேன் ஆபீசுல வச்சிருக்காக?"

ஓய்வு பெறும் நாள்வரை நான் விமானத்தில் ஏறவில்லை என்பது சத்தியம். பஸ்சு, ஜீப்பு, கழுதை, அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் குருவிளா சார். மலையாளி. ஒல்லியான ஆள், அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் நான்கு பென்சில். பிளேடால் சீவுவார், சீவிய தூளைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொள்வார். யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை. நாம் வரைந்த கோட்டில் பிசகு இருந்தால், தன் பென்சிலை அந்தத் தாளின் மேல், முனை அந்தப் பிசகைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாமே கண்டுபிடித்துத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அவர் ஒரு டீயை அரை மணி நேரம் குடித்த நாட்களும் உண்டு. எங்களுக்காகத்தான்.

முதல் நாள் என்னை ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்தார். ஒரு இடத்தைக் கடக்கும்போது விமானம் ஒரு படம் எடுக்கும், கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு படம் எடுக்கும். இரண்டிலும் பாதிக்கு மேல் அதே இடம் இருக்கும். இடது படத்தை இடக்கண்ணும் வலது படத்தை வலக்கண்ணும் மட்டும் பார்க்கும்படி வைத்துவிட்டால், மூளை இரண்டையும் ஒட்டிக்கொள்கிறது. அதுவரை தட்டையாகக் கிடந்த மலை எழுந்து நிற்கும். எனக்கு முதன்முதலில் எழும்பியபோது ஒரு பாறை நேராக மூக்கை இடிக்க வந்தது. தலையைப் பின்னால் இழுத்தேன், ஸ்டூலோடு சரிந்தேன், தரையில் கிடந்து சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். இந்தப் பிரிவுக்கு வந்த முதல் நாளே இப்படி ஆயிற்றே என்று எழுந்து நின்றால், குருவிளா சார் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

"செரி. இவன் கண்டு" என்றார். "எழும்பும்போ சிரிக்காத்தவன் கண்டிட்டில்லா, மோனே."

மலை எழும்பும்போது சிரிக்காதவன் அதைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதுதான் அவருடைய தேர்வு. தெரிகிறது சார், தெரிகிறது சார் என்று தலையாட்டிய மூன்று பேரை வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

அவருடைய மலையாளம் என்னை இன்னொரு விதத்திலும் கவிழ்த்தது. தினமும் கருவியில் உட்காரும் முன் "கண்ணு கழுகு" என்பார். என் கண்ணைக் கழுகுக் கண் என்று பாராட்டுகிறார் என நினைத்து ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். எட்டாம் நாள்தான், கண்ணைக் கழுவிவிட்டு வா என்கிறார் என்று தெரிந்தது. முகம் கழுவி, ஜன்னல் ஓரம் நின்று, தூரத்து வேப்பமரத்தை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு முன் டீ கூடாது, கை நடுங்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனுக்கு அன்று மலை கிடையாது, சமவெளிதான் தருவார்.

வேலை இதுதான். கண்ணாடித் தட்டில் அச்சான இரண்டு படங்களும் கருவிக்குள் ஏறும். ஆறு இடங்களில் இரண்டையும் பொருத்திச் சரி பார்ப்போம். பிறகு எழும்பி நிற்கிற மலையின் மேல் சின்னதாய் ஒரு ஒளிப்புள்ளி மிதக்கும். வலது கைச் சக்கரமும் இடது கைச் சக்கரமும் அந்தப் புள்ளியைப் பக்கவாட்டிலும் முன்பின்னும் நகர்த்தும். காலடியில் ஒரு தட்டு இருக்கும், அதைச் சுழற்றினால் புள்ளி ஏறும், இறங்கும். சமஉயரக் கோடு வரைய, உயரத்தைப் பூட்டிவிட்டுப் புள்ளியைத் தரையில் ஒட்டியபடியே நடத்திக்கொண்டு போக வேண்டும். தரையில் புதைந்தாலும் தப்பு, ஒரு நூல் மேலே மிதந்தாலும் தப்பு. பக்கத்து மேசையில் ஒரு பென்சில் நம் கூடவே நடந்து தாளில் கோடு போடும். நன்றாக ஓடுகிற நாளில், மலைச் சரிவில் ஒரு மின்மினிப் பூச்சியைப் பழக்கிக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் நான் பாட்டுப் பாடி, பக்கத்துக் கருவிக்காரர் என் மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

காடுதான் வில்லங்கம். படத்தில் தரை தெரியாது, மரத்தின் தலைதான் தெரியும். புள்ளி மரத்தலையில் போய் உட்காரும். எனவே மரத்தின் உயரத்தைக் கழித்துத் தரையை வரைய வேண்டும். எங்காவது ஒரு பாதை, ஒரு பாறை என்று தரை எட்டிப் பார்க்கிற இடைவெளியைப் பிடித்து, அங்கே தரைக்கும் மரத்தலைக்கும் எவ்வளவு என்று அளந்து, அதைத்தான் கழிப்போம்.

இந்த நிலையில்தான் போடிக்கு மேலே உள்ள ஏலமலைச் சரிவு எனக்கு வந்தது. ரோடு திட்டத்துக்கான வரைபடம், ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. சொந்த ஊர் மலை என் மூக்கு நுனிக்கு எழும்பி வந்ததும் தலைகால் புரியவில்லை. "சார், இது எங்க ஊரு. ஒவ்வொரு மரமும் தெரியும்" என்று அளந்துவிட்டேன். உண்மை என்னவென்றால், நான் போடிமெட்டு வரை பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போய்வந்தவன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களை மழைக்கு முன்னால் கிளை கழிப்பார்கள். எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் மரங்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டு இடைவெளியில் அளந்தேன், பன்னிரண்டு மீட்டர் வந்தது. அவ்வளவுதான், சரிவு முழுவதற்கும் பன்னிரண்டைக் கழித்துக்கொண்டு ஜம்மென்று ஓட்டினேன். வெளியூர்க்காரனாக இருந்தால் பயந்து பயந்து நூறு இடத்தில் அளந்திருப்பான். நான்தான் உள்ளூர்க்காரன் ஆயிற்றே.

இரண்டு மலைமுதுகுக்கு நடுவே ஒரு கணவாய். அதில் மட்டும் ஒரு குன்று எழும்பி நின்றது. அதைச் சுற்றிச் சமஉயரக் கோட்டில் மூன்று வளையம் போட்டேன். அழகான குன்று, வடை மாதிரி உருண்டையாக.

குருவிளா சார் வந்து பார்த்தார். பென்சில் அந்த வளையத்தின் மேல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது.

"மோனே, நீ அவிடெ நின்னிட்டுண்டோ?"

நீ அங்கே நின்றிருக்கிறாயா என்பது அவர் கேட்கிற ஒரே கேள்வி. எந்த ஊர் வரைபடமானாலும் கேட்பார். இல்லை என்று சொன்னால் குற்றமில்லை; நிலத்தில் போய்ச் சரிபார்க்கும் பட்டியலில் அந்த இடத்தைச் சேர்ப்பார், அவ்வளவுதான். மரமெல்லாம் தெரியும் என்று பெருமை பேசிய வாய் எப்படி இல்லை என்று சொல்லும்?

"உண்டு சார்" என்றேன்.

தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல். ஒற்றைச் சொல்லில் இரண்டு மொழியிலும் பொய் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். என் வரைபடத்தைத்தான் அந்த வருஷத்தில் சிறந்தது என்று சுவரில் மாட்டினார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மேலே ஏறியது.

அடுத்த வருஷம் விடுமுறையில் வந்திருந்தேன். போடியில் ஒரு டீக்கடை. வாசலில் இரண்டு கழுதைகளைக் கட்டிப்போட்டுவிட்டு, ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் அன்னக்கிளி அக்கா. ஊத்தடியில் இருந்து ஏலக்காய் மூட்டையைக் கழுதையில் இறக்கி, அரிசி பருப்பை ஏற்றிக்கொண்டு போவது அவளுடைய தொழில்.

"ரோடு வராதாம்ணே. எங்க ஊருக்கு முன்னாடி பெரிய மேடு இருக்காம். அத ஒடைக்க முடியாதாம். அந்தப் பக்கமா சுத்திக் கொண்டு போறாகளாம். இந்த மாசக் கடேசிக்குள்ள எழுதி அனுப்பிருவாகளாம், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் மாத்த முடியாதாம்."

"மேடுன்னா என்னக்கா செய்ய முடியும்?" என்றார் கடைக்காரர்.

"எந்த மேடு? பொறந்ததுல இருந்து அந்த வழியாத்தான் நடக்குறேன். என் கழுதைக்குத் தெரியாத மேடு ஆபீசருக்குத் தெரிஞ்சிருச்சா? கேட்டா ஒரு பேப்பரக் காட்டுறாக. பேப்பருல இருக்காம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அந்த மேடு எங்கிட்டு வரும்னு சொன்னாக?"

"சோலைக்கருப்பு கோயில் காடு இருக்குல்ல, அங்கதானாம். நீங்க யாரு?"

"மேல போய்ப் பாக்கணும். கூட வரட்டா?"

"வாங்க. ஆனா வெரசா நடக்கணும். கழுதை நிக்காது."

காலையில் கிளம்பி மதியம்வரை ஏறினோம். அக்கா முன்னே, கழுதைகள் நடுவே, இருமிக்கொண்டு நான் கடைசியில். வழியெல்லாம் என் மூச்சிரைப்புக்கு ஒரு பேச்சு வைத்திருந்தாள். "என்னாப்பு, ரெண்டு கழுதைக்கு மட்டுந்தான் தீனி கொண்டாந்திருக்கேன்" என்றாள். ஒரு திருப்பத்தில் மட்டும் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர இந்த வழியாத்தான் கம்பளில கட்டித் தூக்கிட்டு வந்தோம். காச்சல். எட்டு ஆளு மாத்தி மாத்தித் தூக்குனாக. இந்த எடம் வரைக்கும் மொனங்கிட்டே வந்தாரு." கழுதையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். "ரோடு வந்தா எனக்குப் பொழப்புப் போயிரும். போகட்டும். கழுதைக்கும் வயசாயிருச்சு, எனக்கும்தான்."

கணவாயை அடைந்தோம். சோலைக்கருப்பு காடு. ஊரார் அந்தக் காட்டுக்குள் இரும்பைக் காட்ட மாட்டார்கள். அரிவாள் உள்ளே போகக் கூடாது. ஒரு கிளை கழித்ததில்லை, ஒரு மரம் சாய்த்ததில்லை. சுற்றிலும் தோட்டத்து மரங்கள் பன்னிரண்டு மீட்டரில் முடி வெட்டிக்கொண்டு நிற்க, இவை மட்டும் முப்பதைத் தாண்டி வானத்துக்குப் போயிருந்தன. அடியில் தரை, மாடு மேய்க்கலாம், பந்து விளையாடலாம், அவ்வளவு சமம்.

நான் அண்ணாந்து பார்த்தேன். என் மேடு அங்கே மேலே இருந்தது. மூன்று வளையமும் இலைக்குள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அடிவயிற்றில் இருந்து சிரிப்பு கிளம்பியது. முதல் நாள் ஸ்டூலோடு விழுந்தபோது வந்த அதே சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. அதில் கொஞ்சம் அந்தக் கம்பளிக்காக.

"என்னாச்சுப்பு? கருப்பு பிடிச்சிருச்சா?"

"அக்கா, அந்த மேட்ட வச்சது நான்தான்."

சொல்லிவிட்டேன். கருவி, புள்ளி, மரத்தலை, பன்னிரண்டு மீட்டர், எல்லாம். அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். முடிந்ததும் காட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாங்க நாலு பேரு ஒரு பாறைய நகத்த மூணு நாளாச்சு. நீங்க உக்காந்த எடத்துல இருந்து மலையவே கொண்டாந்து வச்சுட்டீக. கெட்டிக்காரகதான்."

"எடுத்துருவேன்க்கா."

"எதுல வச்சு எடுப்பீக? என் கழுதை ரெண்டுதான் இருக்கு" என்றாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

விடுமுறையை ரத்து செய்துவிட்டு அலுவலகம் போனேன். குருவிளா சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பஸ்சில் வரும்போது நான்கைந்து விதமாய்ச் சொல்லிப் பார்த்திருந்தேன்: மர உயரம் மாறுபட்டுவிட்டது, படத்தின் கோணம் அப்படி, நிழல் விழுந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் ஓடிப்போயின.

"சார், ஊத்தடி மேடு இல்ல. நான் அங்க நின்னதும் இல்ல. உண்டுன்னு சொன்னது பொய். அந்த மேட்ட வச்சு மாசக் கடைசிக்குள்ள ரோட்டச் சுத்தி எழுதிருவாங்களாம்."

பிளேடு நின்றது. தூளைத் தீப்பெட்டிக்குள் தட்டி மூடினார். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தை இறக்கி மேசையில் விரித்து, பென்சிலை எடுத்து, முனை அந்த வளையங்களைப் பார்க்கும்படி வைத்தார். டீ குடிக்கப் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

"மாசம் தீரான் எத்தற திவசம்?" என்றார் கடைசியில்.

"பதினோரு நாள் சார்."

"என்னால் நடக்கு. ஞானும் வரும்." அப்படியென்றால் நட, நானும் வருகிறேன் என்கிறார்.

கால் மூட்டு வலிக்காரர். அவர் எதற்கு வர வேண்டும்? சொன்னால் கேட்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். அடிவாரத்தில் கழுதைகளோடு வந்து நின்றாள். சாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவுகதான் பெரியவுகளா? நடக்க மாட்டாக. ஏத்துங்க."

அரைக்கை வெள்ளைச் சட்டையும் நான்கு பென்சிலுமாகக் குருவிளா சார் கழுதை மேல் ஏறி உட்கார்ந்த காட்சியை எந்த விமானமும் படம் எடுக்கவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம். சரிவில் கழுதை குலுங்கும்போதெல்லாம் "ஈசோயே" என்று ஏசுவைக் கூப்பிடுவார். அக்கா திரும்பி, "அவரக் கூப்புடாதீக, இது கருப்பு எல்லை" என்பாள். அடுத்த குலுக்கலில் அவர் "கருப்பே" என்றார். அக்காவுக்குப் பரம திருப்தி.

காட்டு விளிம்பில் அடுத்த சிக்கல். உயரம் அளக்கிற கருவி முக்காலியில் நிற்கும். முக்காலியின் மூன்று காலிலும் இரும்புப் பூண்.

"உள்ள இரும்பு ஆகாது" என்றாள் அக்கா.

"இது இல்லாம அளக்க முடியாதுக்கா. அளக்காட்டி மேடு போகாது."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். ஊருக்குள் போனாள். மூன்று கொட்டாங்கச்சியோடும், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பெண்களோடும் திரும்பினாள். மூன்று காலுக்கும் கீழே கொட்டாங்கச்சியை வைத்தாள். "இப்பத் தரையில இரும்பு படல. கருப்புகிட்ட நான் பேசிக்கிறேன்."

குருவிளா சாருக்கு வேறு கவலை. கொட்டாங்கச்சி அமுங்கினால் கணக்கு கோணிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர இலையில் வெறுங்காலோடு குனிந்து, கருவியின் நீர்க்குமிழியை மூச்சுவிடாமல் பார்த்தார். குமிழி அசையவில்லை. "பேஷ்" என்றார். நான் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் கொட்டாங்கச்சிக்கு.

பார்வைக்குக் குறுக்கே கிளை வந்தால் வெட்டக் கூடாது. மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து போனோம். அளவுக் கம்பை ஊத்தடிப் பெண்கள் பிடித்தார்கள். நான் ஒரு காலத்தில் கொடி பிடித்ததைவிட அசையாமல் பிடித்தார்கள். ஆனால் என்னைப் போலவே பேசிக்கொண்டு. காட்டை ஒரு முறை கடந்து, அதே வழியில் திரும்பவும் அளந்து வந்தோம். போன கணக்கும் வந்த கணக்கும் ஒரு விரல் அகலம்கூட விலகவில்லை. இந்த விளிம்பில் இருந்து அந்த விளிம்புக்கு மொத்த ஏற்றம், ஒரு ஆள் உயரத்துக்கும் குறைவு.

குருவிளா சார் காட்டின் நடுவில் போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த மனிதருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்போ ஞான் அவிடெ நின்னு, மோனே" என்றார்.

கோயில் கல்லின் ஓரமாக உட்கார்ந்து திருத்தக் குறிப்பை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதியதை என்னிடம் காட்டினார். "வரைந்தவர் அந்த இடத்தில் நின்றதில்லை." கீழே என் கையெழுத்து. நான் போட்டேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி, இன்னொரு வரி எழுதினார். "சரிபார்த்தவரும் நின்றதில்லை." அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"சார், நீங்க கேட்டீங்க. நான்தான் பொய் சொன்னேன்."

"ஞான் நின்னிட்டுண்டோ? இல்லா. பின்னே?"

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்தத் தாள் ரோடு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து நான் இறங்கினேன். மறுபடி ஏறச் சில வருஷம் ஆனது. அதன் பிறகு நான் வரைந்த வரைபடங்களில் சரிபார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லாரையும்விட நீளமாக இருக்கும். "ராசாங்கம் ஊருக்கே கல்யாணப் பத்திரிகை எழுதுறாரு" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே.

ரோடு உடனே வந்துவிடவில்லை. ஆனால் வந்தது. சோலைக்கருப்பு காட்டுக்குள் நுழையாமல், விளிம்பை ஒட்டி, ஊத்தடிக்கே போனது. ஜீப்பு ஓடத் தொடங்கிய முதல் வாரம் அன்னக்கிளி அக்கா முன் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். காடு வந்ததும், சமமான ரோட்டில், திடீரென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பேப்பரு மேடு வருது, எல்லாரும் பிடிச்சுக்கங்க" என்றிருக்கிறாள். ஜீப்பே சிரித்திருக்கிறது. அடுத்த நாள் டிரைவரும் அதையே சொன்னார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு ஸ்டாப் வந்தபோது வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நிவேதாவிடம் அன்று போனில் இவ்வளவும் சொல்லவில்லை. பாதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டேன்.

"நீ அங்க நின்னிருக்கியாம்மா?"

மறுமுனையில் ஒரு நொடி அமைதி. எனக்கு அந்த நொடி நன்றாகத் தெரியும். நான் அதற்குள் குடியிருந்தவன்.

"இல்ல சார்" என்றாள். "ட்ரோன் மட்டுந்தான் போச்சு."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் மூன்றாவது காபி சொல்லிவிட்டேன். "நாளைக்குக் காலையில வா. போவோம்" என்றேன்.

போனோம். ஜீப்பில் பின்னால் நாங்கள் இருவர், ஏலக்காய் வியாபாரிகள் நாலு பேர். முன் ஸீட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிற அன்னக்கிளி அக்கா. எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியே. என்னைக் கண்டதும் டிரைவரிடம், "சேவியரு, பாத்து ஓட்டு. மலை வக்கிறவரு வண்டில இருக்காரு" என்றாள்.

காடு வந்தது. சேவியர் கியரை மாற்றி, எஞ்சினை வேண்டுமென்றே உறும விட்டான். "மேடு வருது, பிடிச்சுக்கங்க" என்றான். வியாபாரிகள் நால்வரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்தேன். நிவேதா மட்டும் கையில் இருந்த கருவியைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே துளிகூட ஏறாத ரோட்டைப் பார்த்தாள், சாய்ந்து கிடக்கிற எங்களைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். ஸீட்டில் இருந்து நழுவி, முட்டி இடித்து, கண்ணில் நீர் வர.

சரி, இவள் கண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டாப்பில் இறங்கி மரங்களுக்கு அடியில் போய் நின்றாள். திரும்பி வந்து, குறிப்பு எழுதும் கட்டத்தைத் திறந்து, என்ன எழுதட்டும் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பில் இருந்து அக்கா முந்திக்கொண்டாள்.

"என்ன ஆத்தா கேக்குற?"

"பேப்பர் மேட்டுல மேடு உண்டா இல்லையான்னு எழுதணும் பாட்டி."

"மேடு இல்ல" என்றாள் அக்கா. "பேரு உண்டு. எழுதிக்கிட்டு வெரசா ஏறு, எறக்கம் வருது."